புதிதாகப் பூட்டிய கணினியில் முதல் இரண்டு ரேம் ஸ்லொட்டும் வேலை செய்யவில்லை

பொகவந்தலாவை மாலை வகுப்பு:

வணக்கம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். சாதாரண தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகள் பதினொரு பேர் வருகிறார்கள். இதுவரை ஒரு பழைய மடிக்கணினியை வைத்துச் சமாளித்தோம். போன வருடம் பெற்றோர் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். கொழுந்து பறிக்கும் கைகள் மாதாமாதம் கட்டிய அந்தப் பணத்தில்தான் இந்தக் கணினியின் பாகங்களைக் கொழும்பில் வாங்கி வந்து நானே பூட்டினேன். இதைப் பழுது என்று சொல்லி ஒரு மூலையில் ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைசன் 5 5600ஜி ப்ரொசசர், அதோடு பெட்டியில் வந்த கூலர், நான்கு ரேம் ஸ்லொட் உள்ள பி550 மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. கடையில் அன்று ஒரு ரேம்தான் இருந்தது. அதை ப்ரொசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லொட்டில், போர்டில் ஏ2 என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் போட்டேன். வின்டோஸ் ஏற்றினேன். பிள்ளைகள் தமிழ் தட்டச்சுப் பழகினார்கள். எட்டாம் நாள் மாலை இரண்டாவது ரேம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை அதை பி2வில் போட்டு ஸ்விட்சை அழுத்தினேன். விசிறி சுற்றியது. மொனிட்டர் கறுப்பாகவே கிடந்தது. போர்டின் ஓரத்தில், ரேமைக் குறிக்கும் டிராம் என்ற சொல் எழுதிய இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, அணையாமல் நின்றது.

அன்று இரவு பதினொரு மணி வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கொப்பியில் குறித்ததை அப்படியே தருகிறேன்.

பழைய ரேம் தனியாக: ஏ1 இல்லை, ஏ2 இல்லை, பி1 சரி, பி2 சரி.
புதிய ரேம் தனியாக: அதே விடை.
இரண்டும் ஏ2, பி2வில்: மஞ்சள் விளக்கு.
இரண்டும் பி1, பி2வில்: திரை வருகிறது, 16 ஜிபி காட்டுகிறது.

இப்போது கடைசியில் சொன்ன மாதிரித்தான் ஓடுகிறது. ஆனால் மாசி பிறந்தால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. அப்பா தப்பு மேளம் அடிப்பவர். மூன்று வருடமாகக் கைபேசியில் பிடித்து வைத்த கூத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு காணொளியாகத் தொகுக்கிறோம். ரதியும் மதனும் ஆடும் இடத்தில் படம் தத்தித் தத்தி நகர்கிறது. ஒரு ரேமோடு ஓடிய முதல் வாரத்தைவிடப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "போர்ட் பழுது, கொண்டு வாருங்கள்" என்றார்கள். ஒரு நாள் வகுப்பை விட்டு, எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போக வேண்டும். போவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். உண்மையிலேயே இரண்டு ஸ்லொட்டும் செத்துவிட்டனவா?

பதுளை உயர்தர மாணவன்:

டீச்சர், எங்கள் வீட்டுக் கணினியிலும் இப்படித்தான் விளக்கு எரிந்தது. ரேம் முழுதாக இறங்கவில்லை. இரண்டு முனையிலும் தனித்தனியாக அழுத்த வேண்டும், சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும் என்பதால் மறுபக்கம் மேலே நிற்பது கண்ணுக்குத் தெரியாது. ரேமின் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டில் இருக்கும் வட்டப் பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்தால் பயோஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் மென்பொருள், அதன் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். அதையும் செய்யலாம்.

இன்னொன்று. 16 ஜிபி காட்டுகிறது என்றால் இரண்டு ரேமும் வேலை செய்கின்றன என்றுதானே பொருள்? பி1, பி2விலேயே விட்டுவிட்டால் என்ன?

ஹட்டன் திருத்துநர்:

தங்கச்சி, போர்டை இப்போதைக்குக் கொழும்புக்குக் கொண்டு போக வேண்டாம். நீங்கள் கொப்பியில் குறித்த அந்த நான்கு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. எத்தனையோ பேர் என்னிடம் கணினியைக் கொண்டு வந்து "ஓடவில்லை" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இரண்டு ரேமையும் நான்கு இடத்திலும் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பதுளைத் தம்பி சொன்ன அழுத்துவதும் துடைப்பதும் நல்ல வேலைதான், எல்லோரும் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் இங்கே அது பொருந்தாது. இதே ரேம் இரண்டும் பி பக்கத்தில் ஓடுகின்றன, ஆகவே பற்கள் சுத்தம்.

ஹட்டனில் பதினான்கு வருடமாகக் கணினி திருத்துகிறேன். ஒரு ஸ்லொட் மட்டும் சாவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தூசி, வளைந்த தகடு, ஒரு தடவை கரப்பான் முட்டைகூட இருந்தது. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஸ்லொட் இரண்டு ஒரே நாளில், எந்த ரேமைப் போட்டாலும் வாய் திறக்காவிட்டால், நான் ஸ்லொட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே பீலியிலிருந்து குழாய் இழுத்த இரண்டு வீட்டிலும் ஒரே காலையில் தண்ணீர் நின்றால் வீட்டுக் குழாயையா கழற்றுவோம்? மேலே ஏறிப் பீலியைப் பார்ப்போம்.

இங்கே பீலி எது? ரேமோடு பேசும் பகுதி இந்தக் காலத்து மதர்போர்டில் இல்லை. அது ப்ரொசசருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு வழி புறப்படுகிறது. ஏ வழி ஏ1, ஏ2 இரண்டுக்கும் போகிறது. பி வழி பி1, பி2 இரண்டுக்கும் போகிறது. உங்களிடம் ஏ வழி முழுதும் அடைபட்டிருக்கிறது. உங்களுடையது போன்ற ஏஎம்4 வகை ப்ரொசசரின் அடியில் 1331 ஊசிக்கால்கள் உள்ளன. அவற்றில் ஏ வழிக்கு உரிய ஒரே ஒரு கால், ப்ரொசசர் உட்காரும் சொக்கெட்டில் இறங்காமல் நின்றாலும் அந்த வழி முழுவதும் ஊமையாகிவிடக் கூடும். மற்ற எல்லாம் ஓடும்.

தம்பி கேட்ட கேள்வி முக்கியமானது. பி1, பி2விலேயே விட்டுவிட்டால் என்ன என்றால், 16 ஜிபி இருக்கும், ஆனால் இரண்டு ரேமும் ஒரே ஒற்றையடிப் பாதையில் வரிசையில் நிற்கும். டிடிஆர்4 3200 ஒரு வழியில் செக்கனுக்கு 25.6 ஜிகாபைட் வரை கொண்டு போகும். இரண்டு வழியும் திறந்தால் 51.2. தனிக் கிராபிக்ஸ் கார்ட் உள்ளவருக்கு இது அவ்வளவாக உறைக்காது. டீச்சரின் 5600ஜியில் படம் வரையும் பகுதிக்கென்று சொந்த நினைவகம் இல்லை, அதுவும் இந்த ரேமில்தான் வாங்கித் தின்கிறது. ரதியும் மதனும் தத்துவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நான்கு ஸ்லொட் போர்டில் இரண்டு ரேமுக்கு ஏ2வும் பி2வும்தான் இடம் என்று கையேட்டில் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. எட்டு நாள் ஓடிய ஏ2 ஒன்பதாம் நாள் காலையில் நின்றிருக்கிறது. ரேம் போட்டதைத் தவிர அந்த இடைவெளியில் வேறு எதையாவது தொட்டீர்களா? கூலரைக் கழற்றினீர்களா?

பொகவந்தலாவை மாலை வகுப்பு:

அண்ணா, கழற்றினேன். ரேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தெரியாததால் எழுதவில்லை. இப்போது உங்கள் பதிலைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

முதல் நாளிலிருந்து கூலர் விசிறியின் வயர் ரேம் பக்கமாகத் தொங்கி, விசிறியில் பட்டு "கிர்" என்று சத்தம் போட்டது. இரண்டாவது ரேம் போடுவதற்கு முன் கூலரை மறுபுறம் திருப்பிப் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன். தை மாதக் காலை ஆறு மணி. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பனி, பத்தடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. நான்கு திருகாணியையும் கழற்றி நேராகத் தூக்கினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்கினேன். "டக்" என்றது. கூலரைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் ப்ரொசசர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொக்கெட்டின் பூட்டுக் கம்பியோ பூட்டியபடியே கிடந்தது.

கைகள் நடுங்கின. ப்ரொசசரை மெல்லப் பிரித்து, கம்பியைத் தூக்கி, முக்கோண அடையாளம் பார்த்து வைத்தேன். ஒரு மூலை மட்டும் இறங்க மறுத்தது. விரலால் அழுத்தினேன், இறங்கிவிட்டது. அப்பாடா என்று பூட்டினேன். இவ்வளவுதான் நடந்தது. கடைக்கும் இதைச் சொல்லவில்லை. அதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்:

திருத்துநர் சொல்வது முழுக்கச் சரி. குளிர் ஊர்க்காரி என்ற முறையில் இரண்டு சொல். ப்ரொசசரைக் கையில் எடுப்பதற்கு முன் ஸ்வெட்டரைக் கழற்றி வையுங்கள். கம்பளி உரசினால் உடம்பில் மின் ஏறும். கேசிங்கின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டாவது, ஈரம் போகட்டும் என்று பாகங்களை அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம். குளிர்ந்த உலோகம் சூடான அறைக்குள் வந்ததும் மூக்குக் கண்ணாடி போல வியர்க்கும். விறகுப் புகையின் கரியும் ஒட்டும். பையில் மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் வைத்திருந்துவிட்டுத் திறந்தால் போதும்.

ஹட்டன் திருத்துநர்:

தங்கச்சி, மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். ஏஎம்4 சொக்கெட்டில் ப்ரொசசரை மேலிருந்து பிடிக்கும் சட்டம் கிடையாது. கால்களைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிப்பதோடு சரி. ப்ரொசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இடையில் பூசியிருக்கும் பசை குளிரில் இறுகிவிட்டால் பூட்டியிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வரும். தை, மாசியில் என் மேசைக்கு இப்படி வருவது வழக்கம்.

இறங்க மறுத்த அந்த மூலையில்தான் ஆள் இருக்கிறார். அழுத்தியபோது வளைந்த கால் படுத்துவிட்டது, அதனால்தான் ப்ரொசசர் இறங்கியது. முறிந்திருக்காது என்று நம்புகிறேன்.

இப்போது ஓடுகிற நிலையிலேயே கணினியை இருபது நிமிடம் ஓட விடுங்கள், காணொளி ஒன்று ஓடட்டும். பசை இளகும். பிறகு அணைத்து, பிளக்கைக் கழற்றி, திருகாணிகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை உடனே தூக்க வேண்டாம். ஜாடி மூடியைத் திருகுவதுபோல இடதும் வலதுமாக மெல்ல அசையுங்கள். வழுக்கத் தொடங்கியதும் தூக்குங்கள்.

ப்ரொசசரைப் பக்க ஓரங்களில் பிடித்து எடுத்து, கால்களை மேலே வைத்து வெள்ளைத் தாளில் கிடத்துங்கள். கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நிரை நிரையாகப் பாருங்கள், பிறகு குறுக்கு நிரை. நேராக நிற்கும் நிரையில் ஒன்று சாய்ந்தால் உங்கள் கண்ணுக்குத் தப்பாது, தேயிலை நிரை பார்த்து வளர்ந்த கண் அது.

படுத்திருக்கும் காலின் கீழ் சவர அலகின் முனையைச் செருகி, தலைமயிர் அளவு தூக்குங்கள். அதன் பிறகு உள்ளே எழுதும் குச்சி இல்லாத 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில். அதன் குழல் முனையைக் காலின் மேல் மாட்டி மெல்ல நிமிர்த்துங்கள். ஒரே திசையில், நிறுத்தி நிறுத்தி. முன்னும் பின்னும் ஆட்டினால் முறிந்துவிடும், இதை மட்டும் மறக்கவே கூடாது. கால்களுக்கிடையே பசை இருந்தால் 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் கால் நிற்கும் போக்கிலேயே துடையுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் சிக்கும்.

திரும்ப வைக்கும்போது கம்பியைத் தூக்கிவிட்டு ப்ரொசசரை வைத்தால் அது தன் பாரத்திலேயே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எடுத்து மறுபடி நிரை பாருங்கள். விரல் அழுத்தம் சொக்கெட்டுக்கு ஆகாது. பழைய பசையை முழுதும் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு நடுவில் வையுங்கள்.

பிறகு ஏ2, பி2. முதல் தடவை ஒரு நிமிடம்வரை திரை வராமலோ, தானாக ஒரு தடவை அணைந்து எழும்பியோ போனால் பதற வேண்டாம், ரேமைப் பழகிக்கொள்கிறது.

கடைக்கு உண்மையைச் சொல்வதாக எழுதியது நல்லது. வளைந்த கால் பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது. ஆனால் நிமிர்த்தியும் ஏ வழி திறக்காவிட்டால் போர்டையும் ப்ரொசசரையும் சேர்த்து ஹட்டனுக்குக் கொண்டு வாருங்கள். வேறு ப்ரொசசர் போட்டுப் பார்த்தால் எதில் பழுது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பொகவந்தலாவை மாலை வகுப்பு:

அண்ணா, ஓடுகிறது. ஏ2, பி2 இரண்டிலும் ரேம் இருக்க ஓடுகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் நான்கு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். இளகிய பிறகு கூலர் வெண்ணெயில் வழுக்குவதுபோல வந்தது. அன்றைக்குக் கேட்ட அந்த "டக்" இல்லை. காலைக் கண்டுபிடித்தது நான் அல்ல. நான் இரண்டு சுற்று பார்த்தும் எல்லாம் நேர் என்றே தோன்றியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைபேசிக் கெமராவைப் பெரிதாக்கிப் பார்த்து, "டீச்சர், இந்த நிரையில் ஒரு செடி விழுந்திருக்கிறது" என்றாள். ஓரத்திலிருந்து மூன்றாவது நிரை. கால் முழுதாகப் படுத்து, பக்கத்துக் காலின் அடியில் தலை வைத்திருந்தது. அதைத் தொடாமல் பார்த்தால் தங்கத் துணுக்கு ஒன்று சிந்திக் கிடப்பதுபோலத்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று லேசாகச் சாய்ந்திருந்தது.

அலகை நான் பிடித்தேன், அவள் விளக்கைப் பிடித்தாள். படுத்த கால் எழும்பி நிற்க நாற்பது நிமிடம் ஆனது. இடையில் இரண்டு தடவை எழுந்து போய் முகம் கழுவினேன். கடைசியில் நிமிர்ந்தாலும் அடியில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது. ப்ரொசசரை வைத்ததும் நீங்கள் சொன்னபடி தானாகவே இறங்கியது. ஸ்விட்சைப் போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அந்த அரை நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு திரை வந்தது.

பயோஸில் ரேமின் வேகம் முதலில் 2666 என்று காட்டியது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பி அமைப்பைத் தெரிவு செய்த பிறகு 3200, 1.35 வோல்ட். இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விட்டேன். விடியும்போது நான்கு சுற்று முடிந்து பிழை பூச்சியம் என்று நின்றது. காலையில் கூத்துக் காணொளியைத் திறந்தோம். அப்பா தப்பைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் இடம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அப்பாவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

கடைக்கும் சொல்லிவிட்டேன், கூலரைப் பிடுங்கியது உட்பட.

பதுளை உயர்தர மாணவன்:

டீச்சர், மிகவும் மகிழ்ச்சி. வின்டோஸ் இப்போது எத்தனை ஜிபி காட்டுகிறது? முழுதாகப் 16 காட்டுகிறதா?

பொகவந்தலாவை மாலை வகுப்பு:

பொருத்தியது 16, பயன்படுத்தக்கூடியது 15.4 என்று அடைப்புக்குறிக்குள் காட்டுகிறது தம்பி. அதைப் பார்த்து நானும் ஒரு கணம் பயந்தேன். மீதி கிராபிக்ஸுக்கு ஒதுக்கியதுதானே, திருத்துநர் அண்ணா?

ஹட்டன் திருத்துநர்:

ஆமாம். பயோஸில் கிராபிக்ஸுக்கு 512 எம்பி ஒதுக்கியிருக்கும், வேறு சில்லறையும் சேர்ந்து அவ்வளவு வரும். அது பழுது அல்ல, கை வைக்க வேண்டாம். காணொளி வேலைக்குப் போதவில்லை என்றால் மட்டும் 2 ஜிபி ஆக்கிப் பாருங்கள். பங்குனியில் வெயில் வந்த பிறகு ஒரு தடவை ப்ரொசசரின் சூடு எவ்வளவு என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பசை சரியாகப் பரவியிருக்கிறதா என்பது அப்போது தெரியும்.